ஒழுகலா, ஆட்டமா: பழைய மினி எக்ஸ்கவேட்டரை வாங்குவதும் பழுது பார்ப்பதும்

ஆனைமலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் சரிவு நிலத்தில் வீடு கட்டியிருக்கும் நீங்கள், படிப்படியாகத் தளம் வெட்டிக் கல்கட்டு வைக்கவும், நடைபாதையும் ஒரு சிறு குளமும் அமைக்கவும், 1.7 டன் எடையுள்ள பழைய ஜப்பானிய மினி எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டும் சிறு இயந்திரம்) ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி இதுவரை ஓடிய மணி நேரத்தைச் சொல்லும் மணிக்காட்டி 3,200 என்று காட்டுகிறது. மண் அள்ளும் கையின் முதல் பகுதியான பூமைத் தூக்கி இறக்கும் பூம் சிலிண்டரில் எண்ணெய் ஒழுகுகிறது. சக்கரங்களுக்குப் பதிலாக உள்ள ரப்பர் பட்டைகளில், அதாவது டிராக்குகளில், இடது டிராக் வலதை விட மெதுவாக ஓடுகிறது. வாங்கினால் வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்ள முடியுமா என்பதும் உங்கள் கேள்வி. பூம் சிலிண்டர் ஒழுகுகிறது என்பதற்காக இந்த வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. இடது டிராக் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பது தெரியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். இரண்டும் பழுதுதான் என்றாலும், முதலாவது சில ஆயிரங்களில் முடியக்கூடியது. இரண்டாவது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், முதலுக்கே மோசமாகவும் முடியலாம்.

முதலில், சொந்த வண்டி தேவையா என்ற கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். குபோட்டா யு17 போன்ற 1.7 டன் வண்டிகளின் பக்கெட் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 0.04 கன மீட்டர் மண்தான் அள்ளும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் என்று வைத்துக்கொண்டால் 120 கன மீட்டர் மண். வெட்டிய மண் பொங்கிக் கால் பங்கு கூடும் என்பதால் 150 கன மீட்டர். அதாவது 3,750 பக்கெட். நிமிடத்துக்கு இரண்டு பக்கெட் என்று ஓய்வில்லாமல் ஓட்டினாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அள்ளிய மண்ணை அப்புறப்படுத்தும் வேலை தனி. ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் ஜேசிபியின் பின்பக்கப் பக்கெட் கால் கன மீட்டர் அளவு அள்ளக்கூடியது என்பதால், இதே குளத்தை அது ஒரே நாளில் தோண்டிவிட்டுப் போய்விடும். எனவே குளத்துக்காக மினி வாங்குவது வீண் செலவு. ஆனால் ஏழரை டன் எடையும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள ஜேசிபி உங்கள் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையே நுழையாது. நுழைந்தாலும் செப்டிக் தொட்டி மூடியின் மேல் ஏறி இறங்கும். யு17 தன் டிராக்குகளை 990 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிக்கொண்டு தோட்டக் கதவு வழியாகவே உள்ளே போய், வேலை செய்யும் இடத்தில் 1,240 மில்லிமீட்டருக்கு விரித்துக்கொள்ளும். இடுக்கான இடங்களில், ஆண்டுக்கணக்கில், விடுமுறை நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் வேலைகளுக்குத்தான் சொந்த மினி பொருத்தமானது. ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றால் வாடகையே மலிவு. நீங்கள் சொல்லும் தளம் வெட்டும் வேலை மூன்று நான்கு ஆண்டுகள் இழுக்கும் என்று தோன்றுவதால், வாங்கி, பயன்படுத்தி, பிறகு விற்றுவிடுவது என்ற உங்கள் எண்ணம் தவறில்லை.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். மலைப்பகுதி நிலங்களில் செய்யும் வேலைகளைக் கட்டுப்படுத்தும், ஹாகா என்று அழைக்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அறிவிக்கையில் உங்கள் கிராமம் வருகிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் எதையும் இயக்குவதற்கே மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சொந்த நிலம், சொந்த வண்டி என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இனி வண்டிக்கு வருவோம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எண்ணெய்க் கறையைக் கண்டதும் மிரண்டுவிடுகிறார்கள். புதுப் பெயிண்டைக் கண்டதும் மயங்கிவிடுகிறார்கள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இந்த ஹைட்ராலிக் வண்டியில் வெளியே ஒழுகுகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிற குறை. அது ஒரு ஹோஸ் (எண்ணெய்க் குழாய்), ஒரு ஓ-ரிங், ஒரு சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) என்ற அளவில் முடியும். பயப்பட வேண்டியவை இரண்டு: ஒன்று, இரும்போடு இரும்பு தேய்ந்து விழுந்திருக்கும் ஆட்டம், மற்றொன்று, எண்ணெய்க்குள் கலந்திருக்கும் அழுக்கு. ஆட்டம் லேத் பட்டறைக்கு இழுக்கும். அழுக்கு பம்பையும் வால்வையும் மோட்டாரையும் ஒரே சமயத்தில் தின்றுகொண்டிருக்கும், அதுவும் வெளியே ஒரு சொட்டுக் கறை இல்லாமல்.

ஆட்டத்தைப் பார்க்கும் முறை எளிது. பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பக்கெட்டை மாட்டியிருக்கும் பின்னில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. அந்தப் பின்னையும் அது அமரும் புஷ் குழலையும் மாற்றுவது பெரிய வேலையில்லை. பூமின் அடியில், வண்டியின் முன்னால் கதவுக் கீல் போல இடமும் வலமும் திரும்பும் கனமான வார்ப்பு ஒன்று இருக்கிறதே, அந்தச் சுவிங் போஸ்ட்டின் மேல், கீழ்ப் பின்களில் ஆட்டம் இருந்தால்தான் கவலை. பக்கெட்டைத் தரையில் அழுத்தித் தூக்கும்போது அந்த வார்ப்பு டக்கென்று மேலும் கீழும் நகர்ந்தால், பின் நுழையும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை வெல்டால் நிரப்பி லைன் போரிங் (ஓட்டைகளை நேர்கோட்டில் கடைந்து சரிசெய்வது) செய்ய வேண்டும். கோயம்புத்தூரில் அதற்குப் பட்டறைகள் உண்டு. இஎன்24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் பின் கடைந்து மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தித் தரவும் ஆள் உண்டு. ஆனால் வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பிரித்துப் போட வேண்டும். இருக்கையும் எஞ்சினும் உள்ள மேல் கட்டு சுழலும் சிலூ பேரிங்கையும் இதே முறையில் சோதிக்கலாம். பக்கெட்டால் தரையை அழுத்தி வண்டியின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கி இறக்கச் சொல்லிவிட்டு, மேல் கட்டுக்கும் அடிக்கட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி விரிந்து சுருங்கினால் வண்டியை விட்டுவிடுங்கள்.

மணிக்காட்டியை அப்படியே நம்ப வேண்டாம். அது மாற்றக்கூடிய பொருள். ஓட்டுநரின் கால் படும் இடத்து ரப்பர், லீவர் குமிழ், இருக்கையின் ஓரம், டிராக்கைச் சுழற்றும் பல் சக்கரமான ஸ்புராக்கெட்டின் பற்கள் ஆகிய நான்கையும் பார்த்தால் வண்டியின் வயது ஓரளவு தெரிந்துவிடும். பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் 3,200 என்பது பொய்க்கணக்காக இருக்கக்கூடும். ரப்பர் டிராக்கின் உட்பக்கத்தில் 230×48×66 என்பது போன்ற ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். அகலம் மில்லிமீட்டரில், இணைப்புகளுக்கிடையே தூரம், இணைப்புகளின் எண்ணிக்கை என்பது அதன் வரிசை. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் புது டிராக்கின் விலையை முதலில் விசாரியுங்கள். ரப்பர் வெடித்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பி துருவேறி வெளியே தெரிகிறது என்றால் ஒரு ஜோடியின் விலையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனை: நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இந்த அளவு வண்டிகளில் வரும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் முரட்டுத்தனமானவை. ரேடியேட்டரையும் ஏர் ஃபில்டரையும் கவனித்தால் நீண்ட காலம் உழைக்கும். குளிர்ந்த நிலையில் ஹீட்டர் பிளக் உதவியோடு உடனே கிளம்பி, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளாமல் இருந்தால் போதும். ஹைட்ராலிக் எண்ணெய் வேறு கதை. தொட்டியின் அளவுக் கண்ணாடியில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விற்பவர் சம்மதித்தால், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் வழியிலுள்ள ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி, அதன் காகித மடிப்பை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். பித்தளை நிறத்தில் மினுக்கும் துகள் தெரிந்தால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். புது ஃபில்டர் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதாகச் சொன்னால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

உங்கள் வண்டியின் இடது டிராக்கைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விலை இதில்தான் நிற்கிறது. முதலில் டிராக் அதிக இறுக்கமாக இருக்கிறதா, ஸ்புராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மண் கெட்டித்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து லீவர். சிறு வண்டிகள் பலவற்றில் ஓட்ட லீவர்கள் கம்பி இணைப்பு மூலம் நேராக வால்வை இழுப்பவை. இணைப்புக் கம்பி வளைந்தோ அதன் பந்து மூட்டு தேய்ந்தோ இருந்தால் வால்வு முழுவதும் திறக்காது, டிராக் மெதுவாகத்தான் ஓடும். செலவில்லாத பழுது இது. இரண்டும் சரியென்றால், மேல் கட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பக்கெட்டால் தரையை அழுத்தி ஒரு பக்க டிராக்கை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள். டிராக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பத்துச் சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். அதே எஞ்சின் வேகத்தில், எண்ணெய் சூடான பிறகு, மறுபக்கத்தையும் இப்படியே அளக்க வேண்டும். காற்றில் இரண்டும் ஒன்றாக ஓடித் தரையில் மட்டும் இடது பின்தங்கினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. காற்றிலேயே பின்தங்கினால் எண்ணெயின் ஓட்டமே குறைகிறது.

அடுத்து, ஸ்புராக்கெட்டின் நடுவில் உள்ள, அதைச் சுழற்றும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவின் அளவுத் திருகைக் கழற்றுங்கள். கியர் ஆயில் திருகு மட்டத்தில் நிற்க வேண்டும். திறந்ததும் மெல்லிய எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தால், மோட்டாரின் தண்டு சீல் போய் ஹைட்ராலிக் எண்ணெய் கியர் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. கறுப்பாக, விரலில் தேய்த்தால் வெள்ளித் தூள் போல ஒட்டினால், கியர்கள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.

இதற்கும் விடை கிடைக்காவிட்டால் ஹோஸ்களை இடம் மாற்றிப் பார்க்கும் முறை இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. மேல் கட்டிலிருந்து எண்ணெயைக் கீழே கடத்தும், அடிக்கட்டின் நடுவிலுள்ள சுழல் இணைப்பிலிருந்து இரண்டு மோட்டார்களுக்கும் போகும் ஹோஸ்களை இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். இப்போதும் இடது டிராக்கே மெதுவாக ஓடினால் குறை இடது மோட்டாரிலோ ஃபைனல் டிரைவிலோ இருக்கிறது. மெதுவாக ஓடுவது வலது டிராக்குக்கு மாறிவிட்டால் மோட்டார் குற்றமற்றது. குறை மேலே, சுழல் இணைப்பிலோ வால்விலோ பம்பிலோ இருக்கிறது. அப்படியானால் கீழே மாட்டியதைப் பழையபடி வைத்துவிட்டு, சுழல் இணைப்பின் மேல்பக்க ஹோஸ்களை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இடதே மெதுவாக ஓடினால் சுழல் இணைப்பின் சீல்கள் போயிருக்கின்றன; சீல்கள் மலிவு, கழற்றுவது மட்டும்தான் சிரமம். குறை வலதுக்கு மாறினால் வால்வு அல்லது பம்ப். இந்த வகை வண்டிகள் பலவற்றில் இரண்டு பெரிய பம்புகள் ஆளுக்கொரு டிராக்கையும், அவற்றோடு பூம், அதன் முனையிலுள்ள ஆர்ம் போன்ற வேலைகளையும் பங்கிட்டுக்கொள்ளும். சுழலுவதும், முன்னால் மண் தள்ளும் பிளேடும் மூன்றாவது சிறு பம்பில் ஓடும். எனவே டிராக்கோடு சேர்ந்து பூமோ ஆர்மோ தளர்ந்திருந்தால் சந்தேகம் பம்பின் மேல் போகும். சோதனையின்போது லீவர்கள் இடம் வலமாக மாறியிருக்கும் என்பதை மறக்காமல், வெட்டவெளியில், குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். மெக்கானிக் ஒருவர் உடன் இருந்தால் அரை நாள் வேலை. விற்பவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். மோட்டாரோடு சேர்ந்த முழு ஃபைனல் டிரைவ் மாற்ற வேண்டுமென்றால் அதன் விலை, வண்டிக்கு அவர் கேட்கும் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதால் பேரம் பேசவும் இந்தச் சோதனையின் முடிவு உங்களுக்குத் தேவை.

பூம் சிலிண்டருக்கு வருவோம். வெளியே, பளபளக்கும் ராடின் மேல் ஒழுகுவது கழுத்துப் பகுதியிலுள்ள ராட் சீல். பூம் தூக்கி நிறுத்தியபின் தானாக இறங்குவது பிஸ்டன் சீலாகவோ வால்வாகவோ இருக்கும். பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சீல் கிட்டில் எல்லாம் சேர்ந்தே வரும் என்பதால் திறக்கும்போது அத்தனையையும் மாற்றிவிடுவது நல்லது. திறக்கும் முன் ராடை முழுவதும் நீட்டித் துடைத்துவிட்டு, விரல் நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறலோ துருக்குழியோ இருந்தால் புதுச் சீல் சில வாரங்களில் கிழிந்துவிடும். ராடுக்கு ஹார்ட் குரோம் என்ற கெட்டியான முலாம் போட்ட பிறகே சீல் மாற்ற வேண்டும்.

வேலைக்கு முன் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பூமுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, தொட்டி மூடியையும் திறந்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். ஓடும் வண்டியில் ஹோஸ் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்தச் சிறு வண்டியிலும் அழுத்தம் 200 பாரை (காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு) ஒட்டி இருக்கும். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனால் அன்றே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே முறை.

சிலிண்டரைக் கழற்றியபின், கழுத்து மூடியைக் கொக்கி ஸ்பானரால் திறக்க வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டித் திறக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, உங்கள் கண்முன் அப்படி நடக்க விடாதீர்கள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் நட்டுதான் உண்மையான சோதனை. பசை போட்டு மிகுந்த இறுக்கத்தில் மாட்டியிருப்பார்கள். வீட்டு வைஸில் பிடித்துத் திறக்க முடியாவிட்டால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவதில் தவறில்லை. ராட் சீலை மொச்சைக்கொட்டை வடிவத்தில் மடித்து உள்ளே விட வேண்டும், அதன் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிஸ்டன் வளையத்தை வெந்நீரில் போட்டு இளக்கி மாட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தம்: வாசலில் காற்றடிக்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மாட்டிய பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எடையில்லாமல் சிலிண்டரைச் சில தடவை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றிய பின்பே வேலைக்கு விடலாம்.

ஹோஸ் மாற்றும்போது பழைய ஹோஸை இரண்டு முனைகளோடும் கடைக்குக் கொண்டுபோங்கள். ஜப்பானிய வண்டிகள் பலவற்றின் இணைப்பு, நம் ஊரில் சகஜமாகக் கிடைக்கும் பிஎஸ்பி என்ற திருகு வகை இணைப்போடு திருகில் பொருந்திவிடும். ஆனால் உள்ளே அமரும் கூம்பின் அமைப்பு வேறு. கடைக்காரர் திருகைப் பார்த்துச் சரி என்பார், மாட்டினால் இறுக்க இறுக்க ஒழுகும். ஹைட்ராலிக் எண்ணெய் பெரும்பாலும் விஜி46 என்ற பாகுத்தன்மைத் தரம். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், டிப்பர் லாரிக்கு ஊற்றும் 68-ஐ மிச்சம் இருக்கிறது என்பதற்காக ஊற்றிவிட வேண்டாம். பின்களுக்கு வேலை செய்யும் ஒவ்வொரு நாளும் கிரீஸ் அடிக்க வேண்டும். டிராக்கின் இறுக்கத்தைத் தளர்த்தும் கிரீஸ் வால்வைத் திறக்கும்போது முகத்தை எதிரே வைக்காமல், ஒரு சுற்றுக்கு மேல் திருகாமல் திறக்க வேண்டும்; உள்ளே அடைபட்டிருக்கும் கிரீஸ் வால்வையே துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

பத்திரம் சம்பந்தமாக ஒன்று. மலிவாக வரும் வண்டிகளில் பல, கடன் கட்டாமல் பிடிக்கப்பட்ட சீசிங் வண்டிகள். அதில் குற்றமில்லை, ஆனால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் முதல் விற்பனைப் பில்லும் கையில் வராமல் பணம் கைமாறக் கூடாது. நேரடியாக ஜப்பானிலிருந்து பழையதாக இறங்கிய வண்டி என்றால் சுங்க இறக்குமதிச் சீட்டையும் கேளுங்கள். அப்படி வந்த வண்டிகளின் மாதிரி எண் இங்கே விற்கும் மாதிரிகளோடு பொருந்தாமல் போவதுண்டு. சட்டத்தில் அடித்திருக்கும் வரிசை எண்ணைக் கொடுத்து ஒரு சீல் கிட்டாவது கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் சரிவு நிலத்தில் ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினி வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் மேலே ஏறும்போது அல்ல. குறுக்காக நின்றுகொண்டு, நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கிச் சரிவின் கீழ்ப்பக்கம் திருப்பும்போதுதான். டிராக்குகளை முழு அகலத்துக்கு விரித்து, பிளேடை ஊன்றி, முதலில் வண்டி நிற்பதற்கே ஒரு சமதளம் வெட்டிக்கொண்டு அங்கிருந்து வேலை செய்யுங்கள். மண்ணை மேல்பக்கம் கொட்டுங்கள், கீழ்ப்பக்கம் கொட்டியே ஆக வேண்டுமென்றால் பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்திச் சுழற்றுங்கள். இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், கவிழும் வண்டியிலிருந்து குதிக்க முயல்பவர்கள்தான் நசுங்குகிறார்கள். வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் தோண்டும் என்றாலும், 1.5 மீட்டரைத் தாண்டிய பள்ளத்தில் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது.

தென்மேற்குப் பருவமழையில் உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் வண்டி நிற்கும். நிறுத்தும்போது எல்லாச் சிலிண்டர்களும் இயன்ற அளவு மடங்கியிருக்கும்படி நிறுத்தி, வெளியே தெரியும் ராடுகளில் கிரீஸ் பூசுங்கள். டீசல் தொட்டியை நிரப்பியே வையுங்கள், காலியாக விட்டால் உள்ளே ஈரம் படிந்து தண்ணீராகும். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் அறையைத் திறந்து பார்க்காமல் எடுத்தவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். வயரிங்கின் உறையைக் கடிக்க எலிக்கு ஒரு வாரம் போதும், ஃபேனுக்குப் பக்கத்தில் சாரைப்பாம்பு படுத்திருப்பதும் தோட்டத்து ஷெட்டுகளில் நடப்பதுதான்.